ஒரே மோசடி, இரு வேறு நீதி

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் மோசடி 2015 செப்டம்பரில் அம்பலமானது. சோதனைக்கூடத்தில் மட்டும் நச்சுப் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் இறங்கியதும் அதைக் கைவிடும் மென்பொருளை அந்நிறுவனம் திட்டமிட்டே பொருத்தியிருந்தது. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டதைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் கலந்தன. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள் இதில் அடங்கும்.

அமெரிக்காவில் 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மதிப்பு 1,470 கோடி டாலர். மோசடி வெளிப்படுவதற்கு முந்தைய மதிப்பில் காரை நிறுவனமே திரும்ப வாங்க வேண்டும். அதற்கு மேல் 5,100 முதல் 10,000 டாலர் வரை உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். ஜெர்மனியில் 2020இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கார் ஒன்றுக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை வழங்கப்பட்டது. இது முதலாளித்துவ அரசுகளின் பெருந்தன்மை அல்ல. ஏமாற்றப்பட்டோர் கூட்டாக வழக்காடியதும், சட்டத்தின் கடுமையும் பெற்றுத்தந்தது.

இந்தியாவில் நடந்தது என்ன? 3,23,700 கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதாக நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. ஆனால், இந்திய விதிகளை மீறவில்லை என்றே வாதிட்டது. தில்லி மக்களின் உடல்நலத்திற்கு நேர்ந்த சேதத்தை நிபுணர் குழு 171.34 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டே மாதங்களில் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் மீதான நடவடிக்கைக்குத் தடை விதித்தது.

அந்த 500 கோடியையும் கார்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்றுக்குச் சுமார் 15,400 ரூபாய்தான். அமெரிக்க உரிமையாளர் பெற்ற குறைந்தபட்சத் தொகையோ அன்றைய மதிப்பில் 3 லட்சம் ரூபாயைத் தாண்டும். அந்த 15,400 ரூபாயும் கடன் வாங்கிக் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பத்திற்கு உரியதல்ல. அது சுற்றுச்சூழல் சேதத்திற்கான அபராதம்.

கார் வைத்திருப்போருக்காகத் தொழிலாளி வர்க்கம் ஏன் பேச வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். அந்தப் புகையை மிகுதியாகச் சுவாசிப்பவர்கள் காரே இல்லாதவர்கள்: சாலையோர வியாபாரிகள், துப்புரவுத் தொழிலாளர்கள், ரிக்‌ஷா ஓட்டுநர்கள். எந்த உடன்பாட்டிலும் அவர்களுக்கென ஒரு கணக்கு இல்லை. மோசடியால் நெருக்கடிக்கு உள்ளான நிறுவனம் 2016 நவம்பரில் 30,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. முதலாளிகளின் குற்றத்திற்குத் தொழிலாளர்கள் விலை கொடுத்தனர்.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடவும், வாங்கியவருக்கு முழு விலையையும் ஈடுசெய்யக் கோரவும் வழி செய்கிறது. ஏட்டில் உள்ள இந்த அதிகாரத்தை ஒன்றிய அரசு உறுதியுடன் பயன்படுத்த வேண்டும். சாலை ஓட்டச் சோதனையின் முடிவுகள் அனைத்தும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இழப்பீட்டைக் கணக்கிடும்போது காரின் விலையோடு மக்களின் நுரையீரலும் கணக்கில் வர வேண்டும். பன்னாட்டு மூலதனத்திற்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கும் அரசு இதைத் தானாகச் செய்யாது. மக்கள் இயக்கமே செய்ய வைக்கும்.