ரோடுகிங்கும் கட்டிங் மெஷினும்

"கஃபே ரேசர் ஆக்கிடு மச்சி"ன்னு ஆளாளுக்கு உசுப்பேத்த, அப்பாவோட யெஸ்டி ரோடுகிங்கை மெக்கானிக்கிட்ட கொண்டு போய் நிறுத்தினேன். அவர் முதல்ல எடுத்தது கட்டிங் மெஷின். பின்பக்க ஃபிரேமை வெட்டிட்டு ஒத்தை ஆள் சீட்டு வைக்கணுமாம். "ஒரு நிமிஷம்ணே"ன்னு வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன்.

கஃபே ரேசர் அழகுக்காக வந்த சமாச்சாரம் இல்லீங்க. 1960-கள்ல லண்டன் ஏஸ் கஃபே பக்கம் சுத்தின பசங்களுக்கு வேகம்தான் குறி. தாழ்ந்த ஹேண்டில்பார் வச்சது, குனிஞ்சு ஓட்டினா காத்து தடுக்காதுன்னு. நார்ட்டன் ஃபிரேம்ல டிரையம்ப் எஞ்சினைப் பொருத்தி 'ட்ரைட்டன்' கட்டினதும் அந்த வேகத்துக்குத்தான். நாம? தேஞ்சு போன டிரம் பிரேக்கை அப்படியே விட்டுட்டு, பிரவுன் சீட்டு போட்டு, சைலன்சர் பைப்ல பட்டைத் துணியைச் சுத்தி போட்டோ எடுக்கறோம். (நானும் அப்படி நாப்பது போட்டோ சேத்து வச்சிருந்தவன்தான், ஹி ஹி.)

இதைச் செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-லயே மூடியாச்சு. வெட்டின ஃபிரேமுக்கு மாத்து எங்க போய்த் தேட? பேக்கப் எடுக்காம ப்ரொடக்‌ஷன் சர்வர்ல கை வைக்கற வேலை இது. ஹேண்டில்பார் மாத்துங்க, சீட்டு மாத்துங்க. ஆனா போல்ட்டைக் கழட்டினா வண்டி பழையபடி ஆகணும்.

அந்தப் பின்சீட்டுல அம்மா மடியில உக்காந்து ஊரெல்லாம் சுத்தினவன் நான். அதை எப்படிங்க வெட்டுறது?

இப்போதைக்கு பிரேக் ஷூவும் கேபிளும் மட்டும் புதுசு. கிக்கரையே மடக்கி கியர் போடற பழக்கம்தான் இன்னும் காலுக்கு வரல.