சாளரத்தை மூடியது யார்?

இரவு உணவு முடிந்து, குடும்பத்தார் ஒன்றுகூடி, முந்தைய நாள் பாதியில் நிறுத்திய படத்தைத் தொடர எண்ணிக் கணிப்பொறியைத் திறக்கின்றனர். மின்சாரம் இருக்கிறது. இணைய இணைப்பும் பழுதின்றி இருக்கிறது. மாதச் சந்தாவும் கட்டியாயிற்று. ஆயினும் திரையில் படத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பே தோன்றுகிறது: இந்த உலாவியில் இனிப் பார்க்க இயலாது, வேறொன்றைப் பயன்படுத்துக. நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை. எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டான் என்று வீட்டுப் பிள்ளைமீது பழி விழுகிறது. பாவம், அவன் ஒன்றும் அறியான்.

அன்பார்ந்த வாசகர்களே, உலாவி என்பது இணையத்தைக் காண்பதற்காக நாம் கணிப்பொறியில் வைத்திருக்கும் சாளரம். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி என்று அதில் பல வகை உண்டு. எந்தச் சாளரத்தின் வழியே நோக்கினாலும் வானம் ஒன்றுதானே என நாம் நினைக்கிறோம். செய்தித்தாளையோ அகராதியையோ பார்க்கும்போது அது பெரும்பாலும் சரியே. சந்தா கட்டிப் பார்க்கும் திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் அது பொருந்துவதில்லை. அவை பூட்டப்பட்ட நிலையில் நம் வீடு வருகின்றன என்பதே காரணம்.

படங்களின் உரிமையாளர்கள், பார்ப்பவர் அவற்றைப் பிரதி எடுத்துவிடக் கூடாதென்று அஞ்சுகின்றனர். ஆகவே படம் சங்கேத வடிவில் அனுப்பப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, உலாவியினுள் பொருத்தப்பட்ட மூடிய பகுதியொன்றில் இருக்கிறது. அப்பகுதியின் உள்ளமைப்பை வீட்டுக்காரர் திறந்து பார்க்க முடியாது. சேவை நடத்துவோர் நம்புகின்ற பூட்டு எந்த உலாவியில் இல்லையோ, அந்த உலாவிக்குப் படம் இல்லை.

அமெரிக்காவில் அஞ்சல்வழியே டிவிடி தட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 2007ஆம் ஆண்டு சனவரியில் இணையவழியே படம் காட்டத் தொடங்கியது. அன்று விண்டோஸ் கணிப்பொறியும் அதில் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியும் வைத்திருந்தோர் மட்டுமே பார்க்க முடிந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் என்னும் இணைப்புச் செயலியைக் கொண்டு ஆப்பிளின் மாக்கிண்டாஷ் கணிப்பொறிகளுக்கும் வழி திறந்தது. ஆனால் இண்டெல் சில்லு பொருத்தியவற்றுக்கு மட்டும். அதற்கு முந்தைய பவர்பிசி சில்லு கொண்டவை 2006 வரை கடைகளில் விற்பனையானவை; இரண்டு வயதே நிரம்பிய கருவியும் கிழடு என்று கணிக்கப்பட்டது! லினக்ஸ் பயன்படுத்துவோர் 2014 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறகு வந்தது விந்தையான கட்டம். சில்வர்லைட் போன்ற இணைப்புச் செயலிகள் உலாவியோடு சேர்ந்து இயங்கிய முறை, 1990களில் நெட்ஸ்கேப் உலாவிக்காக வகுக்கப்பட்டது. அதனால் உலாவிகள் அடிக்கடி முடங்கின. தீயோர் உட்புகவும் அது வாயிலாயிற்று. எனவே அம்முறையைக் கைவிடப்போவதாகக் குரோம் உலாவியை வழங்கும் கூகுள் 2013இல் அறிவித்து, 2015 செப்டம்பரில் முற்றிலும் நீக்கியது. சில்வர்லைட்டை நம்பியிருந்த பிரிட்டனின் ஸ்கை கோ முதலிய சேவைகள் குரோமில் நின்றுபோயின. இங்கே கதவை அடைத்தவர் சேவைக்காரர் அல்லர், உலாவிக்காரர். ஈராண்டு முன்னறிவிப்புக் கிடைத்தும் மாற்று வழி அமைக்காதது சேவைக்காரரின் குறை. சந்தா கட்டியவருக்கு இவ்வழக்கு எதுவும் தெரியாது. படம் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். சில்வர்லைட்டின் ஆதரவை மைக்ரோசாஃப்டே 2021 அக்டோபர் 12 அன்று முடித்துக்கொண்டது.

இணைப்புச் செயலிகளுக்குப் பதிலாகப் பூட்டை உலாவியோடே சேர்க்கும் பொது முறையொன்றைக் கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றைச் சேர்ந்தோர் 2012இல் முன்மொழிந்தனர். திறந்த இணையமே தன் இலட்சியம் என்று கூறிவந்த மொசில்லா, இப்பூட்டை மனமார விரும்பவில்லை. ஆயினும் படம் ஓடாத உலாவியை மக்கள் கைவிட்டுவிடுவர் என்றஞ்சி 2014 மே மாதம் இணங்கியது. இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 2017 செப்டம்பர் 18 அன்று இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. மின்வெளி உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் பவுண்டேஷன் அன்றே அக்கூட்டமைப்பினின்று வெளியேறியது.

முறை பொதுவானதுதான், பூட்டோ பொதுவானதன்று. குரோமும் ஃபயர்பாக்ஸும் கூகுளின் வைட்வைன் என்னும் பூட்டைக் கொண்டிருக்கின்றன. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் தத்தம் பூட்டுகளை வைத்துள்ளன. புதிய உலாவியொன்றைச் செய்பவர் இவர்களிடம் அனுமதி பெற்றாக வேண்டும். 2019இல் தனியொருவராய் உலாவியொன்றை உருவாக்கிய மென்பொருளாளர், வைட்வைனுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்து மறுப்பையே பெற்றார். அனுமதி பெற்ற உலாவிகளிடையேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரே கணிப்பொறியில், ஒரே சந்தாவில், நெட்ஃபிளிக்ஸ் படம் எட்ஜ் உலாவியில் துல்லியமாகவும் குரோமில் அதனினும் மங்கலாகவும் பல ஆண்டுகள் தெரிந்ததைப் பார்ப்போரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

இதனால் பழைய உலாவிகளை என்றென்றும் சுமந்து திரிய வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. 2001இல் வெளிவந்த இண்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்பை யூடியூப் 2010 மார்ச்சில் கைவிட்டது. முந்தைய ஆண்டே பார்ப்போருக்கு எச்சரிக்கையும் காட்டியது. ஓட்டை விழுந்த பழைய உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு வெளியூர் செல்வதற்கு ஒப்பாகும். அவ்விதம் கைவிடுவதில் குற்றம் காண்பதற்கில்லை. மாற்றம் வரும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே நம் வினா. உலாவியைப் புதுப்பிக்கச் செலவில்லை என்பர். ஆனால் புதிய உலாவி பழைய விண்டோஸில் இயங்காது; புதிய விண்டோஸ் பழைய கணிப்பொறியில் ஏறாது. எனவே காசில்லாத அறிவுரை, முடிவில் புதுக் கணிப்பொறியின் விலையாகிவிடுகிறது. மாதம் சில நூறு ரூபாய்க்குச் சேர்ந்த குடும்பம் இதை முன்கூட்டி எவ்வாறு அறியும்?

அமெரிக்கத் தொலைக்காட்சி இவ்விஷயத்தில் வேறு வழியில் நடந்ததுண்டு. 1950இல் அந்நாட்டு அரசின் ஒலிபரப்பு ஆணையம், சிபிஎஸ் நிறுவனத்தின் வண்ண ஒளிபரப்பு முறைக்கு இசைவளித்தது. வீடுகளில் இலட்சக்கணக்கில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அம்முறைப் படம் தெரியாது. 1951 சூனில் தொடங்கிய அவ்வொளிபரப்பு அக்டோபரிலேயே நின்றது. 1953 டிசம்பரில் ஏற்கப்பட்ட முறையோ, வண்ணப் பெட்டியில் வண்ணமாகவும் பழைய பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் ஒரே அலையில் படம் காட்டியது. பொறியியலார் அதற்காகப் பட்ட பாடு சிறிதன்று. பழைய பெட்டியை எவரும் தூக்கியெறிய நேரவில்லை.

அந்த அலைமுறைக்கும் முடிவு வந்தது. எண்முறை ஒளிபரப்புக்கு மாறவேண்டும் என்று 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம், 2009 பிப்ரவரி 17ஐக் கெடுவாக நிர்ணயித்தது. பழைய பெட்டிக்கு மாற்றுக் கருவி வாங்க, வீட்டுக்கு இரண்டு வீதம் நாற்பது டாலர் மதிப்புள்ள சீட்டுகளை அரசு வழங்கியது. சீட்டுக்கான நிதி தீர்ந்து காத்திருப்போர் பட்டியல் நீண்டபோது, கெடுவையே சூன் 12க்குத் தள்ளிவைத்தனர். அன்றிரவோடு பழைய அலைகள் அடங்கின. மறுநாள் காலை, அம்மாற்றுக் கருவியை இணைத்தவர்களுடைய வீடுகளில் ஐம்பதாண்டுப் பழைய பெட்டியும் படம் காட்டிக்கொண்டிருந்தது.