ஸ்டேக்குடன் ரெட் ஒயின்: பிரிட்டனில் 7 பவுண்டு பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கு?

வெள்ளிக்கிழமை மாலை. பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு துண்டு ஸ்டேக் வாங்கியாச்சு. கூடவே ஒரு ரெட் ஒயின் வேண்டும், விலையும் கையைக் கடிக்கக்கூடாது. பலரின் கை தானாகப் போவது அர்ஜென்டினாவின் மால்பெக் பாட்டில் பக்கம்தான். ஆனால் அந்த பாட்டிலின் விலைக் கணக்கு 2025 பிப்ரவரி 1-ம் தேதியோடு மாறிவிட்டது. ஏன்?

என்ன மாறியது?

பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் முதல், மதுவில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் இருக்கிறதோ அதற்கேற்ப வரி. ஒயினுக்கு மட்டும் தற்காலிகச் சலுகை கிடைத்தது. 11.5 முதல் 14.5 சதவீதம் வரை உள்ள எல்லா ஒயினையும் 12.5 சதவீதம் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதன்படி ஒரு பாட்டிலுக்கு 2.67 பவுண்டு வரி.

2025 ஜனவரி 31-உடன் அந்தச் சலுகை முடிந்தது. ஒரே தொகை இருந்த இடத்தில் இப்போது 0.1 சதவீதத்துக்கு ஒரு தொகை என முப்பதுக்கும் மேற்பட்ட தொகைகள். கூடவே வரி விகிதமும் ஏறியது. 14.5 சதவீத ஒயினுக்கு வரி சுமார் 3.21 பவுண்டு ஆனது. ஒரே நாளில் 54 பென்ஸ் உயர்வு. 11 சதவீத ஒயினுக்கோ சுமார் 2.44 பவுண்டுதான்.

அடி விழுவது யாருக்கு? நல்ல வெயிலில் பழுக்கும் திராட்சைக்கு. வெயில் அதிகமானால் பழத்தில் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் ஆல்கஹால் கூடும். ஆண்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் மென்டோசாவின் மால்பெக், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஷிராஸ், ஸ்பெயினின் ஹுமிய்யா பகுதியில் விளையும் மொனாஸ்ட்ரெல் என ஸ்டேக்குக்குப் பொருத்தம் என்று சொல்லப்படும் ஒயின்களில் பல 13.5 முதல் 14.5 சதவீதம் வரை வருபவை.

7 பவுண்டுக்கும் 10 பவுண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் மேட்டரே இருக்கு. 14.5 சதவீத ஒயின் ஒன்று 7 பவுண்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி விகிதப்படி வாட் வரி 1.17 பவுண்டு, மது வரி 3.21 பவுண்டு. மிச்சம் 2.62 பவுண்டு. கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போகத்தான் திராட்சை விளைவித்தவருக்கு. உள்ளே இருக்கும் ஒயினின் மதிப்பு சில்லறைக் காசுதான்.

அதே ஒயின் 10 பவுண்டு என்றால்? மது வரி அதே 3.21 பவுண்டு. வாட் 1.67 ஆகும். மிச்சம் 5.12 பவுண்டு. அதாவது 3 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தால், வரி போக மிஞ்சும் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 'மலிவு' என்று 7 பவுண்டு பாட்டிலை எடுப்பவர் பெரும்பாலும் அரசுக்குத்தான் பணம் கட்டுகிறார். பட்ஜெட் இடம் கொடுத்தால் 8 முதல் 10 பவுண்டு வரையிலான பாட்டில்தான் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும்.

அப்போ ஆல்கஹால் குறைவான பாட்டிலை எடுத்தால் போதுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வரியைத் தவிர்க்கச் சில பிராண்டுகள் ஆல்கஹாலைக் குறைத்துள்ளன. பழுக்கும் முன்பே பறித்தால் சர்க்கரை குறையும்தான், ஆனால் பச்சை வாடையும் கசப்பும் வந்துவிடும். 2025 பிப்ரவரி விகிதப்படி 8 பவுண்டு விலையில் 13 சதவீத ஒயினுக்கும் 14.5 சதவீத ஒயினுக்கும் வரி வித்தியாசம் 33 பென்ஸ்தான். அதற்காகப் பிடிக்காத ஒயினைக் குடிக்க வேண்டியதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 14.5 சதவீத பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட 11 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது பிரிட்டன் மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி போடுவதற்கு அரசு சொன்ன காரணங்களில் உடல்நலமும் ஒன்று.

ஸ்டேக்குக்கு ஏன் ரெட் ஒயின்?

அறுசுவையில் ஒன்றான துவர்ப்புதான் காரணம். வாழைப்பூ, கட்டன் சாயா சாப்பிட்டால் நாக்கு வறண்டு பிடிக்குமே, அதே டானின்தான் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிறது. அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறளும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் நடுவில் வந்தால் அந்தப் பிடி தளர்கிறது. ஸ்டேக் மேல் தூவும் உப்பு கசப்பையும் அடக்கும். தனியாகக் குடித்தால் கரடுமுரடாக இருக்கும் ஒயின், கறியோடு மென்மையாகத் தெரிவது இதனால்தான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது கறியை. கொழுப்பு ஓடும் ரிப்-ஐ என்றால் துவர்ப்பு தூக்கலான கேபர்னே சாவினியோன் தாங்கும். சிலியிலிருந்து வரும் கேபர்னே விலையிலும் பரவாயில்லை. கொழுப்பில்லாத ஃபில்லெட்டுக்கு அது முரட்டுத்தனம், மெர்லோ போதும். ரத்தச் சிவப்பு போய் முழுக்க வெந்த ஸ்டேக் பிடிக்கும் என்பவர்களுக்கும் பழச்சுவை கூடிய, துவர்ப்பு குறைந்த ஒயின்தான் நல்லது. மிளகு சாஸ் இருந்தால் பிரான்ஸின் கோட் து ரோன். அதில் கலக்கும் சிரா திராட்சையில் மிளகில் உள்ள அதே வாசனைப் பொருள் இருக்கிறது.

மால்பெக் இந்த இடத்துக்கு வந்த கதையும் சுவாரஸ்யம். அது பிரான்ஸின் காஓர் பகுதியைச் சேர்ந்த திராட்சை. 1850-களில் மிஷேல் புஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் வழியாக மென்டோசாவுக்குப் போனது. கறி சுடுவதையே திருவிழாவாக்கிய நாட்டில் அது ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

மால்பெக் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்பெயினின் ரியோகா கிரியான்சாவைப் பார்க்கலாம். அந்தப் பெயர் லேபிளில் இருந்தால் 2 ஆண்டு பதப்படுத்தல், அதில் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில் என்பது சட்டம். 'ஸ்பெஷல் செலெக்ஷன்' போன்ற அலங்கார வார்த்தைகளுக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது.

லண்டன் தமிழர் வீடுகளில் ஸ்டேக்குக்கும் மிளகாய்த்தூள் தடவுவது உண்டு. அங்கே மட்டும் கணக்கு தலைகீழ். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் எரிய வைக்கும். அதற்கு 12.5 சதவீத அளவில் வரும் பிரான்ஸின் போஜொலே, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். 2025 பிப்ரவரி விகிதப்படி மது வரியும் 2.77 பவுண்டோடு முடிந்தது.