கலங்கலும் கழிவும் ஒன்றா?

ஆங்கிலத்தின் டர்ட்டி, ஃபில்தி, அன்க்ளீன், பொல்யூட்டட் ஆகிய நான்கையும் ‘அசுத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடும் மொழிபெயர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. இது சோம்பல், சில இடங்களில் சூதும்கூட.

ஜேடர்பாளையத்தில் ராஜவாய்க்கால் பிரியும் காவிரியைப் பாருங்கள். ஆடிப் புதுவெள்ளம் செந்நிறமாய் வந்தால் அது கலங்கல். வண்டல் சுமந்து வரும் அதை எந்த உழவரும் அழுக்கென்று பழிப்பதில்லை. மேலே பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகளிலிருந்து ஆற்றில் கலப்பதோ கழிவு. ஆங்கிலம் இரண்டையும் டர்ட்டி வாட்டர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நமக்கு அந்த வசதி எதற்கு? கலங்கல் தானே தெளியும், சாயம் தெளியாது. ‘அசுத்த நீர்’ என்றால் ஆறே குற்றவாளி. ‘கழிவு’ என்றால் கழித்தவர் யாரென்று கேட்டாக வேண்டும்.

அன்க்ளீன் இன்னும் சிக்கலானது. ஆங்கில விவிலியம் அச்சொல்லோடு நிறுத்திக்கொண்ட இடங்களில், தமிழ் விவிலியம் லேவியராகமத்தில் ‘தீட்டு’ என்றும் சுவிசேஷங்களில் ‘அசுத்த ஆவி’ என்றும் பிரித்துக் காட்டியது. தீட்டுக்கு அழுக்கே தேவையில்லை. குளித்து, வெளுத்ததை உடுத்தி வந்தவரையும் தீட்டென்று வாசலில் நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. அங்கே ‘அசுத்தம்’ என்று எழுதுபவர், சாதியைச் சுகாதாரமாக மாற்றிக் காட்டுகிறார்.