பழைய காருக்கு ஏ.சி. போடலாமா?

வெயில் யாருக்கும் பாரபட்சம் காட்டாது. புதுக் காரையும் சுடும். பழைய காரையும் சுடும். புதுக் காரில் போகிறவர் பொத்தானைத் தட்டிவிட்டுக் குளுகுளு என்று போகிறார். பழைய காரில் போகிறவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போகிறார்.

திருவண்ணாமலையை ஒட்டி இருக்கிறது வேங்கிக்கால். மாவட்டக் கலெக்டர் அலுவலகம் இருக்கும் ஊர். வேலூர் ரோடு இதன் வழியாகத்தான் போகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் இங்கே 40 டிகிரியை எட்டும். பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலை வீசும்.

இந்த ஊரில் ஒரு வீட்டில் தாத்தா காலத்துக் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏ.சி. போடலாமா, கூடாதா?

"கூடவே கூடாது! பழைய கார் பழையபடிதான் இருக்க வேண்டும்" என்பார் ஒருவர். "வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, மாட்ட வேண்டியதை மாட்டு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரி அல்ல என்பது என் கருத்து.

ஓடுகிற கார்தான் உயிரோடு இருக்கும். ஓடாத கார் என்ன ஆகும்? டயர் வெடிக்கும். பெட்ரோல் டாங்கியில் துரு பிடிக்கும். எலி வயரைக் கடிக்கும். வெயிலுக்குப் பயந்து வீட்டார் காரில் ஏறாமல் இருந்தால், அந்தக் கார் வேப்பமரத்தடியிலேயே மக்கிப்போகும். குளிர் காற்று வந்தால் பாட்டியும் ஏறுவார், பேரனும் ஏறுவான். ஆகவே ஏ.சி. போடுவது குற்றம் அல்ல. காரை வெட்டிக் குதறிப் போடுவதுதான் குற்றம்.

சென்னை தந்த கார்

இதற்கு நல்ல உதாரணம் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு". பெரியவர்களுக்கு இந்தப் பெயர் நினைவு இருக்கும். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில், 1961-ம் ஆண்டு முதல் இந்தக் கார் தயாரானது.

இங்கிலாந்தில் 1959-ல் வந்த "டிரையம்ப் ஹெரால்டு" காரின் இந்தியப் பிறப்பு இது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்க மூடியைத் தூக்கினால், பக்கத் தகடுகளும் சேர்ந்து முதலை வாயைப் போலத் திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் காருக்கு ஒரு பெருமை உண்டு. உலகப் புகழ் பெற்ற "டிரையம்ப் ஸ்பிட்பயர்" என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் வந்தது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் அதைச் செய்தார்கள். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. அதாவது, நம் ஊர் ஹெரால்டும் அந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஏ.சி. என்று வரும்போது இரண்டுக்கும் தொல்லை ஒன்றுதான்.

பெல்ட்டைக் கழற்றினால்தான் ஏ.சி. நிற்கும்!

காரில் முதன்முதலாக ஏ.சி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி. ஆண்டு 1939. அந்த ஏ.சி. பின்பக்கச் சாமான் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. குளிர் அதிகமானால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-ல் நாஷ் கம்பெனிதான் எல்லாப் பாகங்களையும் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது.

ஏ.சி. எப்படி வேலை செய்கிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.சி.யும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே ஒரு திரவம் ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், சூட்டை வெளியே தள்ளுகிறது. ஆவி மறுபடியும் திரவம் ஆகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஏ.சி. குளிரைப் படைப்பது இல்லை. சூட்டை உள்ளிருந்து எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுகிற இடம் எது? ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கும் ரேடியேட்டரின் வாசல்!

ஏ.சி. கடைசி வேலை

எனவே ஏ.சி.யை முதலில் வாங்காதீர்கள். அது கடைசி வேலை. முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் பம்பு, ரப்பர் குழாய், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாருங்கள். மின்சார விசிறி ஒன்றைப் பொருத்துங்கள்.

வேகமாக ஓடும் காருக்குக் காற்று தானே வரும். ஊர்ந்து போகும் காருக்கு வராது. சித்ரா பவுர்ணமி நாளை எண்ணிப் பாருங்கள். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான மக்கள். ஊருக்கு வரும் சாலைகளில் எல்லாம் வாகனங்கள் எறும்பு வரிசையாக ஊர்கின்றன. அந்த வரிசையில், வேங்கிக்கால் ரோட்டில் உங்கள் ஹெரால்டும் நிற்கிறது. ஏ.சி. ஓடுகிறது. விசிறி இல்லை. என்ன ஆகும்? ரேடியேட்டர் பொங்கி, கார் நடுரோட்டில் நின்றுவிடும்.

ஆரம்ப கால ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. அதன் சக்தி சுமார் 35 குதிரைச் சக்தி. ஏ.சி. கம்ப்ரசர் அதில் 4 அல்லது 5 குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். இந்தச் சிறிய எஞ்சினுக்கு அது பெரிய சுமை. ஆகவே, எடை குறைந்த புதிய ரகக் கம்ப்ரசராகப் பார்த்து வாங்க வேண்டும். மேடு ஏறும்போது ஏ.சி.யை அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது மின்சாரம். அந்தக் காலத்துக் கார்களில் டைனமோ இருக்கும். அது தரும் மின்சாரம் சுமார் 20 ஆம்பியர். வண்டி மெதுவாக நகரும்போது அதுவும் வராது. ஏ.சி.யின் விசிறிகளுக்கும் கம்ப்ரசருக்குமே அதற்கு மேல் தேவைப்படும். இரவில் விளக்கைப் போட்டால், பாட்டரி காலி. எனவே டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு நெகடிவ் முனைதான் அப்படி இணைய வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டினால், ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும்.

வானத்தில் ஓட்டை போட்ட வாயு

சில பழைய கார்களில் ஏ.சி. முன்பே இருக்கும். அதற்குள் இருப்பது "ஆர்-12" என்ற வாயு. தீப்பிடிக்காது, விஷமும் இல்லை. அதனால் எல்லோரும் கொண்டாடினார்கள். நம் மேட்டூரிலும் இது தயாரானது. ஆனால், 1974-ல் மோலினா, ரோலண்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இந்த வகை வாயு மேலே போய், சூரியனின் கொடிய கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்றார்கள்.

1987-ல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2010-ல் உலகெங்கும் இந்த வாயுவின் உற்பத்திக்குத் தடை வந்தது. இன்று "ஆர்-12 அடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், உஷாராக இருங்கள்.

அதற்குப் பதிலாக வந்தது "ஆர்-134ஏ". இது ஓசோனைத் தொடாது. ஆனால் பழைய ஏ.சி.யில் இதை அப்படியே அடைக்கக் கூடாது. பழைய எண்ணெய் இதோடு சேராது. எண்ணெய், ரப்பர் வளையங்கள், குழாய்கள், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஆகியவற்றை மாற்ற வேண்டும். இந்த வாயுவுக்கு அழுத்தம் கூடுதல். எனவே கண்டென்சரும் பெரியதாக இருப்பது நல்லது.

ஆர்-134ஏ ஓசோனுக்குக் கெடுதல் இல்லையே தவிர, பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோவை வெளியே விட்டால், சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஆர்-12 இதைவிடப் பல மடங்கு மோசம். ஆகவே பழைய வாயுவைப் "புஸ்" என்று காற்றில் திறந்துவிடும் ஒர்க் ஷாப்பை விட்டு விலகுங்கள். அதை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கும் எந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் காருக்குள் குளிர் வேண்டும் என்று ஊரின் வெயிலைக் கூட்டலாமா?

விலை மலிவு என்று சமையல் வாயு இனத்தைச் சேர்ந்த வாயுவை அடைப்பதும் உண்டு. அது தீப்பிடிக்கும் வாயு. குழந்தைகள் உட்காரும் இடத்துக்குள் அது கசிந்தால், ஒரு பொறி போதும்.

கண்ணாடியை ஏற்றும் முன்...

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

பழைய காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போவோம். புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலும், காரின் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும், உள்ளே வரும் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஏ.சி. போட்ட அன்று முதல் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். அப்போது புகை உள்ளேயே தங்கும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்!

ஆகவே ஏ.சி.க்குப் பணம் எடுத்து வைக்கும் முன், புகைக் குழாய்க்கும் தரைத் தகட்டுக்கும் பணம் எடுத்து வையுங்கள். கதவு ரப்பர்களையும் மாற்றுங்கள். நிற்கும் காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு யாரும் தூங்கக் கூடாது. புதுக் காருக்கும் இது பொருந்தும்.

வெட்டாமல் மாட்டுங்கள்

சட்டம் என்ன சொல்கிறது? 50 வயதைத் தாண்டிய வாகனங்களுக்காக மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்தது. பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்தால் "வி.ஏ." என்ற எழுத்துடன் நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். ஆனால் கார் அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலும், உடல் கூட்டிலும், எஞ்சினிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இப்படிப் பதிவு செய்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் கூடாது.

எனவே ஏ.சி. குழாய்க்காகத் தகட்டை வெட்டும் முன் பத்துத் தடவை யோசியுங்கள். அந்தப் பதிவை நாடுகிறவர், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வெட்டாமல் மாட்ட வழி இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் தனிப் பெட்டி இருக்கிறது. கம்ப்ரசரைத் தாங்கும் சட்டத்தை, எஞ்சினில் ஏற்கனவே உள்ள போல்ட்டுகளிலேயே பொருத்தலாம். குழாய்களை ஏற்கனவே உள்ள துளைகள் வழியாகக் கொண்டு போகலாம். கழற்றிய டைனமோவையும் பழைய விசிறியையும் துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, நாளைக்கு இதைக் கழற்றினால் கார் பழையபடி ஆகுமா?" "ஆகும்" என்று அவர் உறுதி சொன்னால், வேலையைக் கொடுங்கள். "அது எப்படி ஆகும்?" என்று சிரித்தால், சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தாத்தா விட்டுச் சென்ற கார், நமக்கு மட்டும் சொந்தம் அல்ல. பேரப் பிள்ளைகளுக்கும் சேர வேண்டியது. நம் காலத்து வெயிலுக்கு நாம் குளிர் காற்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கு விலையாக அவர்கள் காரைக் கொடுத்துவிடக் கூடாது.