பாக்கிக்கு என்ன பெயர்?

2025 ஜூலையில் பள்ளிபாளையம் செய்தித்தாள்களில் அடிபட்டது. விசைத்தறி ஓட்டுகிறவர்கள் கடனை அடைக்கத் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள், நடுவில் தரகர்கள் புகுந்திருக்கிறார்கள் என்று. அரசு விசாரணைக்குழு போட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. தறிச் சத்தம் ஒருநாளும் நிற்கவில்லை.

அந்த நாட்களில் சேலத்தில் ஒரு வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். ஒரு தோழர் இது அரை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என்றார். இன்னொரு தோழர் இல்லையில்லை, இது நிதி மூலதனத்தின் சூறையாடல், நிலப்பிரபுத்துவம் எங்கேயிருக்கிறது காட்டுங்கள் என்றார். இரண்டு மணி நேரம் ஓடியது. டீ இரண்டு தடவை வந்தது. பள்ளிபாளையத்திலிருந்து என்னோடு வந்திருந்த சித்தப்பா மகன் இருபது வருசமாகத் தறி ஓட்டுகிறவன். கூட்டம் முடிகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டான்: "ஏண்ணா, பேரு வெச்சு முடிச்சுட்டாங்களா?"

அவன் கேட்டதில் இருக்கிற நக்கல் நியாயமானது. ஆனாலும் பேர் வைப்பது வெட்டி வேலை என்று நான் சொல்ல மாட்டேன். என்ன பேர் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யாரை எதிரி என்கிறோம், யாரோடு கூட்டு சேருகிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதெல்லாம் முடிவாகிறது. இந்த விவாதம் எங்கிருந்து வந்தது, அதில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக ஒரே குடிசையில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் இந்திய இடதுசாரிப் பொருளாதார அறிஞர்களிடையே 'உற்பத்தி முறை விவாதம்' தொடங்குகிறது. பம்பாயிலிருந்து வரும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'தான் முக்கியக் களம். அசோக் ருத்ரா பஞ்சாபின் பெரு விவசாயிகளை ஆய்வு செய்துவிட்டு, முதலாளித்துவ விவசாயி என்று தனித்துச் சொல்லும்படி ஒரு வர்க்கம் தட்டுப்படவில்லை என்றார். உத்சா பட்நாயக் மறுத்தார். கூலிக்கு ஆள் வைப்பதை மட்டும் பார்க்காதீர்கள், உபரியை மறுபடி உற்பத்தியில் போடுகிறானா என்று பாருங்கள், அப்படிப்பட்டவன் உருவாகிக்கொண்டிருக்கிறான் என்றார். பரேஷ் சட்டோபாத்யாய லெனினைக் கையில் எடுத்துக்கொண்டு பட்நாயக்கோடு மோதினார். அமித் பாதுரி மேற்கு வங்க வாரக் குடியானவர்களைப் பார்த்து 1973இல் அரை நிலப்பிரபுத்துவம் பற்றி எழுதினார். ஹம்சா அலவி, ஜெய்ரஸ் பானாஜி என்று வரிசை நீண்டது. 1982இல் ஆலிஸ் தோர்னர் மொத்த விவாதத்தையும் தொகுத்து மூன்று பகுதிகளாக எழுத வேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

இவர்களைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. எண்ணிக்கை, கள ஆய்வு, மூலதனம் நூலின் வாசிப்பு எல்லாம் இருந்தது. இன்றைக்கு நம் கூட்டங்களில் அந்த உழைப்பில் கால்வாசிகூட இல்லை, முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம். ஆனால் வெண்மணியின் சாம்பல் ஆறுவதற்குள் தொடங்கிய விவாதத்தில் செத்தவர்களின் சாதி ஒரு பொருளாதார விஷயமாக வரவில்லை. சாதி மேற்கட்டுமானம், அடித்தளம் மாறினால் தானாக உதிரும் என்ற நம்பிக்கை பெரும்பாலோருக்குள் பேசாமலே உட்கார்ந்திருந்தது. கெயில் ஓம்வெட் போன்ற சிலர் பிற்பாடு உள்ளே நுழைந்து சாதியைப் பேசினார்கள். மகாராஷ்டிரத்தில் சரத் பாட்டீல் இந்தப் பிரச்சினையில் முட்டி மோதி 1978இல் மார்க்சிஸ்ட் கட்சியை விட்டே வெளியேறினார். விவாதத்தின் மையம் அசையவில்லை.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம்.

திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் பக்கமெல்லாம் மேட்டாங்காடு, கிணற்றுப் பாசனம். மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கவலைக்குத் தோல் பறி வேண்டும், வால் வேண்டும். அதைத் தைப்பதும் கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் மாதாரி வேலை, அதாவது எங்கள் அருந்ததியர் வேலை. பறி கிழிந்தால் வயல் காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பண்ணையமும் ஒரு மாதாரிக் குடும்பத்தைக் கட்டி வைத்திருந்தது. வருசத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, சோளம், செத்த மாட்டின் தோல், கூடவே கடன். கன்னல் செடர்லோஃப் என்ற ஸ்வீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் கோவைப் பகுதியின் இந்தக் கட்டுகளைப் பற்றி 1997இல் ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார். பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது, மேட்டூர் மின்சாரம் 1937இல். பிறகு பம்புசெட்டு பரவியது. பொருளாதார அறிஞர் ஒருவர் கிராமத்துக்குள் நுழைந்தால் பம்புசெட்டை எண்ணி, இது முதலாளித்துவத்தின் அடையாளம் என்று குறித்துக்கொள்வார். அது சரிதான். ஆனால் எங்கள் தாத்தாவுக்கு அது என்ன அடையாளம்? பறி தைக்கிற ஊசி பரணுக்குப் போனதும், கைத்தொழில் தெரிந்த ஆள் வெறும் பண்ணையத்து ஆளாக இறங்கியதும்தான். தைக்கும் வேலை போயிற்று, கடன் போகவில்லை, 'சாமி' என்று கூப்பிடுவதும் போகவில்லை. உற்பத்திச் சக்தி வளர்ந்தால் உறவு மாறும் என்ற சூத்திரத்தை எங்கள் தெருவில் வைத்துப் பாருங்கள், உறவு மாறத்தான் செய்தது, கீழே போனது.

அடுத்த தலைமுறைக்குத் தறி வந்தது. காவிரியின் இந்தக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம், அந்தக் கரையில் ஈரோடு, பவானி. கைத்தறி போய் விசைத்தறி பெருகப் பெருக ஆள் பற்றவில்லை. ஆளைப் பிடிக்கவும் பிடித்த ஆளை நிறுத்தவும் வந்ததுதான் பாக்கி. வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை முன்பணம். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்றால் மேலும் கொஞ்சம். பெரும்பாலும் வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. வேலையை விட்டுப் போக வேண்டுமென்றால் பாக்கியைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த பட்டறை முதலாளி கட்டிவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போவான்.

இது நிலப்பிரபுத்துவ எச்சமா? பாதுரியின் வாதம் என்ன? குடியானவனுக்குக் கடன் கொடுத்துப் பிழைக்கும் நிலவுடைமையாளன் புதிய தொழில்நுட்பத்தை விரும்ப மாட்டான், விளைச்சல் கூடினால் குடியானவன் கடனிலிருந்து மீண்டுவிடுவானே என்று. எங்கள் முதலாளிகள் அப்படியா? பழைய தறியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் புதுத்தறி இறக்குகிறார்கள், பாக்கியும் கொடுக்கிறார்கள். நூல் விலை, துணி விலை எல்லாம் எங்கேயோ இருக்கிற சந்தையோடு ஏறி இறங்குகிறது. இந்தப் புள்ளியில் பானாஜி சொல்வதுதான் பொருந்துகிறது. 1977இல் அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தக்காணத்துச் சிறு விவசாயிகளைப் பற்றி எழுதும்போது, முன்பணமும் வட்டியும் பழைய வேடத்தில் இருந்தாலும் உள்ளே நடப்பது மூலதனம் உழைப்பை உறிஞ்சுவதுதான் என்று வாதிட்டார். வட்டியில்லாக் கடனை எந்த லேவாதேவிக்காரன் கொடுப்பான்? மீட்டர் கூலியை ஏறவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த வட்டி. ஆக பாக்கி என்பது செத்துக்கொண்டிருக்கும் பழசின் மிச்சம் கிடையாது. மூலதனம் இங்கே தானே நெய்துகொண்ட கயிறு.

அப்படியானால் எச்சம் என்று சொல்லிக்கொண்டு, தொழில் வளர்ந்தால் அது போய்விடும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. தொழில் வளர்ந்த இடத்தில்தான் அது இருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கீர்ட் டி நீவ் என்ற மானிடவியலாளர் தொண்ணூறுகளில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆய்வு செய்து, 1999இல் பாக்கியைப் பற்றி எழுதினார். தொழிலாளிகள் பாக்கியை வெறும் விலங்காகப் பார்க்கவில்லை, ஆள் பற்றாக்குறையைப் பயன்படுத்தி முதலாளியிடமிருந்து பணத்தை வாங்கினார்கள், பட்டறை மாறினார்கள், சிலர் கம்பி நீட்டினார்கள் என்று காட்டினார். இது உண்மை. என் சித்தப்பாவே சொல்லுவார்: "காட்டுல வாடா போடாம்பான். பட்டறையில வாப்பாங்கிறான். அதுக்கே ரெண்டு பாக்கி வாங்கலாம்." பண்ணையத்தை விட்டுத் தறிக்கு வந்தது எங்களுக்கு ஒரு விடுதலைதான். சந்தை எதையும் செய்யவில்லை என்று பேசுகிற தோழர்கள் ஒரு நாளாவது கட்டுத்தரையில் சாணி வாரியிருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

தறியைப் பற்றிப் பேசும்போது அம்பேத்கரை விட்டுவிட முடியாது. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களை விடமாட்டார்கள். காரணம் நூல். அறுந்த நூலை நாடாவில் கோர்க்க வாய் வைத்து உறிஞ்ச வேண்டும், எச்சில் படும், தீட்டு. கூலி கூடுதலாகக் கிடைத்த பிரிவு அதுதான். செங்கொடிச் சங்கம் பலமாக இருந்த ஆலைகள் இவை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கோரிக்கையில் சேர்த்தால்தான் ஒத்துழைப்பேன் என்று நிர்ப்பந்திக்க வேண்டியிருந்தது. 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் தொழிலாளியின் எதிரிகள் என்றார். பள்ளிபாளையத்தில் எங்கள் ஆட்கள் தறி ஓட்டத்தான் செய்கிறார்கள். அறுந்த நூலில் தீட்டு இல்லாமல் போய்விட்டது. யாரும் திருந்தியதால் அது போகவில்லை, ஆள் வேண்டியிருந்ததால் போனது.

சரி, பிறகு சாதி எங்கே இருக்கிறது? பாக்கி நம் ஆட்களுக்கு மட்டுமா? இல்லை. கவுண்டர் வீட்டுப் பையனும் வாங்குகிறான், முதலியார் வாங்குகிறார், வன்னியர் வாங்குகிறார். 'பாருங்க தோழர், இது வர்க்கப் பிரச்சினை' என்று சொல்வதற்கு இதுவே போதும் சிலருக்கு. ஆனால் உள்ளே வருவதை மட்டும் பார்த்தால் போதாது, வெளியே போவதையும் பார்க்க வேண்டும். அந்தப் பையனுக்கு அரை ஏக்கர் காடு இருக்கிறது, மாமன் ஜாமீன் நிற்கிறான், சீட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, பொண்ணு வீட்டார் நாலு தறி போட்டுக் கொடுக்கிறார்கள். பத்து வருசத்தில் கூலிக்கு நெய்கிற சின்ன முதலாளி ஆகிவிடுகிறான். ஷரத் சாரி திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி 2004இல் எழுதிய புத்தகத்தில், கவுண்டர்கள் தங்கள் உழைப்பையே மூலதனமாக மாற்றிக்கொண்ட கதையை விரிவாகச் சொல்கிறார். 'நானும் பாடுபட்டுத்தானுங்க வந்தேன்' என்று முதலாளி சொல்வது பொய்யில்லை. பாடுபட்டார். எங்கள் ஆளும் பாடுபட்டான். அவர் பாடுக்கு மட்டும் கடன் கிடைத்தது, இடம் கிடைத்தது, நூல் கிடைத்தது. சாதிதான் இங்கே பேங்கு. அதை மேற்கட்டுமானம் என்று மாடியில் ஏற்றி வைத்தால் அஸ்திவாரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

2002 போபால் அறிக்கைக்குப் பிறகு தலித் முதலாளித்துவம் பேசுகிற நம்மவர்களும் இதையே வேறு பக்கத்திலிருந்து தவறவிடுகிறார்கள். சந்தைக்கு சாதி தெரியாது என்கிறார்கள். ரிக் வண்டியும், முட்டைப் பண்ணையும், லாரியும், இஞ்சினியரிங் காலேஜும் நிறைந்த ஊர்கள்தான் இவை. இங்கேதான் 2015 ஜூனில், திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக ஓமலூர் கோகுல்ராஜைக் கொன்று பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் போட்டார்கள். அவர் படித்தது இஞ்சினியரிங்.

கடைசியாக ஒன்று. நம் அறிஞர்கள் ஏடுகளில் மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நெருக்கடி நிலைக் காலத்தில், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. யாரோ ஒரு அதிகாரி எழுதியதுதான். கொத்தடிமை எப்படி உண்டாகிறது என்று வரையறுக்கும்போது முன்பணத்தைச் சொல்கிறது, வழக்கத்தைச் சொல்கிறது, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு அரசாங்க குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரிந்தது மார்க்சியக் கண்ணாடிக்குத் தெரியவில்லை! வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் முன்பணத்தால் பறிபோனாலும் அந்தச் சட்டப்படி கொத்தடிமைதான். அப்படிப்பட்ட கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்பு என்று உச்சநீதிமன்றம் 1982இல் ஏசியாட் வழக்கில் சொன்னது.

சங்கங்கள் இங்கே கூலி உயர்வுக்கும் போனசுக்கும் எத்தனையோ முறை போராடியிருக்கின்றன, அந்தப் போராட்டங்களில் நம் ஆட்களும் அடி வாங்கியிருக்கிறார்கள். பாக்கியைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் கோரிக்கையை முதல் கோரிக்கையாக வைத்து ஒரு மறியல் நடந்து நான் பார்த்ததில்லை. கேட்டால், 'பாக்கியை ஒழிச்சா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் கொடுப்பா?' என்று தொழிலாளியே திருப்பிக் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலத்தையும் முக்கியத் தொழில்களையும் காப்பீட்டையும் அரசுடைமை ஆக்கச் சொன்னது இதற்குத்தான். தனியார் கையில் பிழைப்பு இருக்கிறவரை அடிப்படை உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பேங்கும் கூட்டுறவுச் சங்கமும் ஜாமீன் கேட்காமல் தறிக்காரனுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி, பாக்கி ரத்தோடு சேர்த்துக் கேட்டால்தான் அவன் நம்மோடு வருவான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் தறிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை வருசமாக, எத்தனை பட்டறை மாறினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களோடு ஒரே நாளில் சேர்ந்த மற்ற சாதிக்காரர்கள் இன்றைக்கு எத்தனை தறிக்குச் சொந்தக்காரர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சித்தப்பா மகன் தன் தெருவுக்கு ஆரம்பித்துவிட்டான். அடுத்த வட்டத்துக்கு அந்த நோட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான், ராத்திரி ஷிப்டு இல்லாவிட்டால்.