நுரைச்சோலையில் கடலுக்குப் போகும் வெப்பம்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையக் குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அன்று நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அடுத்த நாட்களில் மின்வெட்டு அமுலானது. அவை ஓடாவிட்டால்தான் கொழும்புக்குக் கவலை. ஓடும்போது கற்பிட்டிக் கரையில் நடப்பதை அறிய, பல்கலைக்கழக வெப்பவியக்கவியல் பாடத்தைப் பார்க்க வேண்டும்.

நெப்போலியன் தோற்ற பின்னரான பிரான்ஸில், சாடி கார்னோ என்ற 28 வயதுப் படைப் பொறியியலாளர் 1824 இல் ஒரு நூல் எழுதினார். வெப்பத்திலிருந்து வேலை பெறச் சூடான இடம் மட்டும் போதாது, குளிர்ந்த இடமும் வேண்டும் என்றார். இதிலிருந்து வளர்ந்த இரண்டாம் விதியின்படி, பெற்ற வெப்பத்தில் ஒரு பங்கைக் குளிர்ந்த இடத்தில் கொட்டியே ஆகவேண்டும். சீனக் கடனும் அமைச்சரவைத் தீர்மானமும் இதை மாற்றாது.

நுரைச்சோலைக்கு அந்தக் குளிர்ந்த இடம் கடல்.

கணக்கைப் பாருங்கள். நீராவி 540 பாகை, கடல் 30 பாகை என்றால், இலட்சிய இயந்திரத்தின் வினைத்திறனே 63 வீதம்தான். இவ்வகை நிலக்கரி நிலையங்கள் நடைமுறையில் தருவது 35 வீதத்தை அண்டியது. எனவே 900 மெகாவாற் மின் எடுக்க ஏறத்தாழ 2,500 மெகாவாற் வெப்பம் எரிகிறது. புகைபோக்கியால் போவதைக் கழித்தால், 1,300 மெகாவாற் அளவு கடலில் சேரும். ஒவ்வொரு செக்கனும் 46 தொன் கடல்நீரை 7 பாகை சூடாக்க இது போதும்.

அந்த வெப்பம் அழிவதில்லை, எண்ணற்ற மூலக்கூறுகளிடையே சிதறிப்போகிறது. தானாக மீண்டும் ஒன்றுதிரளும் வாய்ப்பு ஏன் இல்லையென்றே சொல்லலாம் என்பதைத்தான் புள்ளிவிபர இயற்பியல் விளக்குகிறது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். கரைவலை இழுப்பவருக்கு இது வெறும் பரீட்சை வினா அல்ல. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பலர் தஞ்சமடைந்ததும் இந்தக் குடாநாட்டில்தான்.

2006 இல் இடம்பெயர்க்கப்பட்ட சம்பூர் மக்களின் மண்ணிலும் இத்தகைய நிலையம் திட்டமிடப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டது. நடந்திருந்தால் கொட்டியாரக் குடாவுக்கும் இதே கணக்குத்தான்.

நுரைச்சோலையின் இரண்டாம், மூன்றாம் இயந்திரங்கள் திறக்கப்பட்ட 2014 இலேயே கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் தொடங்கியது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த தமிழ் இளையோர் இப்போது இருக்கிறார்கள். நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலையை நாள்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் மீனவர் சங்கங்களுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு வெப்பமானியும் ஒரு அறிவித்தல் பலகையும்.